கிராம சபையில் கேட்ட கேள்வியும் காவல் நிலையத்திலிருந்து வந்த அழைப்பும்

கடலூர் முதுநகருக்குத் தெற்கே ஓர் ஊராட்சியில் வசிக்கும் நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். அக்டோபர் 2-ஆம் தேதி நடந்த கிராம சபையில், குடிநீர்க் குழாய் பழுதுபார்ப்புக்கு எவ்வளவு செலவானது என்று கேட்டீர்கள், பதில் கிடைக்கவில்லை. நான்கு நாள் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் கைபேசியில் அழைத்து, "ஒரு விசாரணை இருக்கிறது, வந்துவிட்டுப் போங்கள்" என்றார். யார் கொடுத்த மனு, என்ன புகார் என்று சொல்லவில்லை. போகத்தான் வேண்டுமா, இனி இப்படிக் கேட்பதை நிறுத்திக்கொள்ள வேண்டுமா, தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சியில் கிராம சபைக்கு மதிப்பு உண்டா, புதுச்சேரியின் பாகூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கைக்கும் இதே வழி பொருந்துமா என்று நான்கு கேள்விகளாக எழுதியிருக்கிறீர்கள். நான் படித்த வரையில் அவை ஒரே கேள்விதான். கேட்கும் உரிமை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர் எழுந்து நின்று கேட்டிருக்க மாட்டார். கேட்டுவிட்டு வீடு திரும்பிய பிறகு, வாசலில் யாராவது வந்து நின்றால், அந்த உரிமை எந்த உருவத்தில் உங்கள் பக்கம் நிற்கும் என்பதே நீங்கள் அறிய விரும்புவது.

நான் கடலூர் நீதிமன்றங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வழக்கு நடத்தி வருகிறேன். பெரும்பாலும் குற்றவியல் வழக்குகள். ஆகவே காவல் நிலையம் பற்றிய பகுதியை உறுதியோடு எழுத முடியும். ஊராட்சி நிர்வாகத்தை அதற்குள் வேலை பார்த்தவரைப் போல அறிந்தவன் அல்லன். சட்டமும், என்னிடம் வந்த மனிதர்களின் அனுபவமும் கற்றுக்கொடுத்ததையே அங்கு சொல்கிறேன். உங்கள் தாள்கள் எதையும் பார்க்காமல் எழுதும் பதில் இது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் தொலைபேசி அழைப்பு. ஒரு குற்றத்தைப் புலனாய்வு செய்யும் காவல் அதிகாரி, அதைப் பற்றி அறிந்தவர் என்று கருதும் ஒருவரைத் தன் முன் வரவழைக்க வேண்டுமானால், எழுத்து மூலமான உத்தரவால்தான் வரவழைக்க முடியும். இது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 160-ஆம் பிரிவாக இருந்தது. அதே பிரிவு, பெண்களையும், பதினைந்து வயதுக்குக் குறைந்த அல்லது அறுபது வயதைக் கடந்த ஆண்களையும், உடலாலோ மனத்தாலோ மாற்றுத்திறன் கொண்டவர்களையும், கடும் நோயுற்றவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. அறுபதைக் கடந்தவரானால் இந்த ஒரு வரியே உங்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். உங்கள் மேலேயே குற்றச்சாட்டு இருந்து, கைது தேவையில்லை என்று காவல்துறை கருதினால், 35-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவின்படி அறிவிப்புக் கொடுத்து அழைக்க வேண்டும். அந்த அறிவிப்பை வாட்ஸ்அப் போன்ற வழிகளில் அனுப்பிவிட்டு, சேர்ப்பித்தாயிற்று என்று சொல்லக் கூடாது என 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வழக்கே பதிவாகாமல் வெறும் மனு விசாரணை என்ற நிலையிலும், அழைக்கப்படுபவருக்குத் தேதியும் நேரமும் குறிப்பிட்டு எழுத்து மூலம் அழைப்பாணை தர வேண்டும், விசாரணையின் விவரத்தை நிலையத்தின் நாட்குறிப்பில் பதிய வேண்டும், அழைத்தவரைத் துன்புறுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல உத்தரவுகளில் சொல்லி வந்திருக்கிறது. இவ்வளவும் ஐயத்துக்கு இடமில்லாதவை.

ஆனால் சட்டம் இப்படி இருக்கிறது என்பதற்காக, "எழுத்தில் தந்தால்தான் வருவேன்" என்று கைபேசியில் கடுமையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள் என்று நான் ஒருவருக்கும் சொல்வதில்லை. சட்டப்படி அது சரிதான். அடுத்த நாள் காலையில் வீட்டு வாசலில் நடப்பதை அது எளிதாக்குவதில்லை. "வருகிறேன் ஐயா, எந்த மனு என்று எண்ணும், மனுவின் நகலும், வர வேண்டிய தேதியும் நேரமும் எழுதிக் கொடுங்கள்" என்று தன்மையாகக் கேளுங்கள். பிறகு அன்றைக்கே ஒரு வெள்ளைத் தாளில், இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன எண்ணிலிருந்து அழைப்பு வந்தது, விவரம் சொல்லப்படவில்லை, முறைப்படி அறிவிப்புத் தந்தால் ஒத்துழைக்கத் தயாராக இருக்கிறேன் என்று நான்கு வரி எழுதி, நிலைய ஆய்வாளருக்குச் சேர்ப்பித்ததற்கான ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். ஒரு நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள். என் அனுபவத்தில், இந்த வகை அழைப்புகளில் பாதிக்கு மேல் அந்த நான்கு வரியோடு நின்றுபோகின்றன. மேலே எந்தத் தாளும் இல்லாமல் யாரோ ஒருவருக்காகச் செய்யப்பட்ட அழைப்பு, தனக்கென்று ஒரு தாள் பிறந்துவிட்டால் தொடர்வது கடினம்.

அறிவிப்பு வந்து, போக வேண்டியதாகிவிட்டால், தனியாகப் போகாதீர்கள். ஊரில் நாலு பேர் மதிக்கும் ஒருவரையோ வழக்கறிஞரையோ உடன் அழைத்துக்கொள்ளுங்கள். போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதப்படாத தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. புலனாய்வின்போது சாட்சியாக நீங்கள் சொல்வதைக் காவல்துறை எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதில் உங்கள் கையெழுத்தைச் சட்டமே கேட்கவில்லை. 181-ஆம் பிரிவு அப்படிக் கையெழுத்து வாங்கக் கூடாது என்றே சொல்கிறது. "இனி இதுபோல் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போ" என்பது நம் பக்கத்துக் காவல் நிலையங்களில் பழகிப்போன ஒரு முடிவு. அப்படி எழுதிக் கொடுத்ததற்குப் பின்னாளில் நீதிமன்றத்தில் என்ன மதிப்பு என்பது ஒவ்வொரு வழக்கின் சூழலையும் பொறுத்தது. உறுதியாக ஒன்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் கிராம சபையில் கேள்வி கேட்டது குற்றம் என்று நீங்களே ஒப்புக்கொண்டது போன்ற ஒரு தாளை நீங்களே உண்டாக்க வேண்டிய தேவை இல்லை. நிலையத்துக்குள் முறைகேடாக நடத்தப்பட்டதாக உணர்ந்தால், நேரத்தைக் குறித்துக்கொண்டு விரைந்து எழுத்தில் புகார் செய்யுங்கள். எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா வைத்து, பதிவுகளைப் பதினெட்டு மாதம் பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதிவு இருக்கும்போதே கேட்டால்தான் அது சாட்சியாகும்.

வழக்கறிஞர் உள்ளே உடன் உட்காரலாமா என்று பலரும் கேட்பார்கள். கைது செய்யப்பட்டவருக்கு விசாரணையின்போது தம் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை உண்டு, ஆனால் விசாரணை முழுவதும் அவர் உடனிருக்கும் உரிமை இல்லை. கைதாகாதவரின் மனு விசாரணையில் நிலையத்துக்கு நிலையம் நடைமுறை மாறுகிறது. இது நான் உறுதி தர முடியாத இடம். கைது என்ற நிலை வந்தால் மட்டும் பேச்சு வேறு: காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். இவற்றில் முதலும் கடைசியும் அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் உறுப்பிலேயே இருப்பவை.

இனி கிராம சபை. "தலைவரே இல்லை, தனி அலுவலர்தான், யாரிடம் கேட்டு என்ன" என்று உங்கள் பக்கத்து வீட்டார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கடலூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள் என்பது உண்மை. ஆனால் கிராம சபை என்பது தலைவரும் உறுப்பினர்களும் கூடும் கூட்டம் அன்று. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்ததே கிராம சபை. அரசமைப்புச் சட்டம் 243-ஆம் உறுப்பில் அதை அப்படித்தான் வரையறுக்கிறது. ஊராட்சி மன்றத்துக்குப் பதவிக்காலம் உண்டு. வாக்காளருக்குப் பதவிக்காலம் ஏது? குடியரசு நாள், மார்ச் 22 தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஐந்நூறு பேர் வரை உள்ள ஊரில் ஐம்பது பேர், மூவாயிரம் வரை நூறு, பத்தாயிரம் வரை இருநூறு, அதற்கு மேல் முந்நூறு என்று, குறைந்தது இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற குறைவெண் விதி இருக்கிறது. வரவு செலவை மக்கள் முன் வைப்பது அந்தக் கூட்டத்தின் அடிப்படை வேலைகளில் ஒன்று. ஆகவே நீங்கள் கேட்டது கேட்கக் கூடாத இடத்தில் கேட்டது ஆகாது. அந்தக் கேள்விக்காகவே அந்தக் கூட்டம் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கிராம சபைத் தீர்மானம் உச்ச நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தும் என்று மேடைகளிலும் குறுஞ்செய்திகளிலும் சொல்லப்படுவதை அப்படியே நம்ப வேண்டாம். 2013-இல் ஒடிசாவின் நியமகிரி மலையில் சுரங்கம் குறித்துக் கிராம சபைகளின் கருத்தைக் கேட்கச் சொன்ன தீர்ப்பைச் சான்று காட்டுவார்கள். அந்தத் தீர்ப்பு பழங்குடி மக்களின் வன உரிமைச் சட்டத்தையும், பழங்குடியினர் பகுதிகளுக்கென்று தனி நிர்வாகம் வகுக்கும் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்ற நிலையையும் ஊன்றி எழுந்தது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஊராட்சியின் அதிகாரத்துக்கு உட்பட்ட வேலைகளில் தீர்மானத்துக்கு நேரடி வலு உண்டு. ஆலை, சாலை, மதுக்கடை போன்றவற்றில் அது மக்களின் விருப்பத்துக்கான சான்றாக நிற்கும். நீதிமன்றங்கள் அதை எடுத்துப் பார்த்த நேரங்களும் உண்டு, ஒதுக்கிய நேரங்களும் உண்டு. இல்லாத வலுவை நம்பி நின்று தோற்றவர்கள், இருக்கிற வலுவையும் கைவிட்டு ஒதுங்கிவிட்டதைக் கண்டிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேட்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதுகாப்பின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. "பணத்தைத் தின்றுவிட்டார்கள்" என்பது குற்றச்சாட்டு. அவதூறு என்று ஒருவர் வழக்குப் போட்டால், சொன்னது உண்மை என்றும் பொது நன்மைக்காகச் சொன்னது என்றும் காட்டும் சுமை உங்கள் தோளில் விழும். "இன்ன வேலைக்கு இவ்வளவு செலவு என்று கணக்கில் இருக்கிறதா, அதன் செலவுப் பட்டியலையும், செய்த வேலையின் அளவை எழுதும் அளவுப் புத்தகத்தையும் காட்டுங்கள்" என்பது கேள்வி; அதன்மேல் வழக்குத் தொடுப்பது எளிதன்று. அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தார் என்ற புகாருக்கும் இதே அளவுகோல். அஞ்சப்படும் பெரிய பிரிவான, பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-க்குத் தாக்குதலோ வன்முறையைப் பயன்படுத்துவதோ இருந்தாக வேண்டும். உரக்கக் கேட்டது தாக்குதல் ஆகாது. ஆனால் மேசையைச் சூழ்ந்துகொள்வதும், பதிவேட்டைக் கையால் இழுப்பதும் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் போய்விடும். எழுந்து, இருந்த இடத்திலேயே நின்று, எழுதி வைத்ததைப் படித்துக் கேட்டு, அந்தத் தாளின் நகலில் ஊராட்சிச் செயலரிடம் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால், அதே நாளில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அஞ்சலில் போகட்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் உப்பனாற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு மூதாட்டி, மஞ்சள் பையில் பதினொரு ஒப்புகை அட்டைகளோடு என்னிடம் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்; பேரப்பிள்ளையை எழுத வைத்து, தெருக்குழாயைப் பற்றி மனு மேல் மனு போட்டிருந்தார். அவரையும் இப்படித்தான் நிலையத்துக்கு வாய்மொழியாக அழைத்திருந்தார்கள். நான் செய்தது மிகக் குறைவு. அந்தப் பதினொரு அட்டைகளின் தேதிகளையும் வரிசையாக எழுதி ஒரு கடிதம் அனுப்பினேன். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, குழாய் வேலைக்கான செலவுப் பட்டியலைக் கேட்டோம். ஒரே குழாய்க்கு இரண்டு முறை பழுதுபார்த்ததாகக் கணக்கு வந்தது. யாரும் சிறைக்குப் போகவில்லை; அந்த ஆண்டு மழைக்காலத்துக்கு முன் குழாய் சரியாயிற்று, மீண்டும் யாரும் அவரை அழைக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த அத்துமீறல்களில் மிகுதியானவை வாய்ச்சொல்லாகவே தொடங்கின. அவற்றைத் தடுத்தவை பெரும்பாலும் அஞ்சலகத்தின் முத்திரை விழுந்த சிறு தாள்கள்தான்.

உங்கள் கேள்விக்கும் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமே நேரான வழி. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், உரிய இடத்துக்கு ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. பலருக்குத் தெரியாதது, அந்தச் சட்டம் தாள்களின் நகலை மட்டும் தருவதில்லை. வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியைச் சான்றுடன் எடுக்கவும் உரிமை தருகிறது. குழாய்க்கு எந்தத் தரத்தில் பொருள் போட்டார்கள் என்று பார்க்க அது உதவும். தனி மனிதரின் பெயர், கைபேசி எண் போன்ற சொந்த விவரங்களைக் கேட்காதீர்கள். 2023-இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொந்த விவரங்களைத் தர மறுக்கலாம் என்ற விலக்கை முன்பைவிட அகலமாக்கியிருக்கிறது. அதிகாரிகள் அதை எவ்வளவு தூரம் நீட்டுவார்கள் என்பது வழக்குகள் மூலம்தான் தெளிவாகும்.

தனியாகக் கேட்பதற்கும் பலராகக் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊரே காட்டியிருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்தை ஒட்டிய கிராமங்களில், ஆலைகளின் நாற்றத்தை வாயால் சொல்லிச் சலித்த மக்கள், 2004 வாக்கில் எந்த நாளில் எந்த நேரத்தில் என்ன வாடை என்று குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார்கள். எளிய வாளி ஒன்றுக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். "உங்களுக்கு மட்டும் மூக்கு இருக்கிறதா" என்ற பேச்சு அதன் பிறகு எடுபடவில்லை. புவனகிரி பக்கம் தெற்குத் திட்டை ஊராட்சியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரையே கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தது 2020-இல் வெளியே தெரிந்ததும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானதும் ஒரு படம் பரவிய பிறகுதான். தலைவருக்கே அப்படியென்றால், பின் வரிசையில் நிற்கும் ஒருவரின் குரலுக்கு எத்தனை தடைகள் இருக்கும் என்பதை நான் மறக்கவில்லை. சட்டம் காவல்துறையிடமிருந்தும் அலுவலகத்திடமிருந்தும் உங்களைக் காக்க முடியும். ஊரில் பேச்சுவார்த்தை நின்றுபோவதிலிருந்தும், தினக்கூலி வேலைக்கு அழைக்காமல் விடுவதிலிருந்தும் காக்க அதற்குக் கை போதாது. அதனால்தான் அடுத்த முறை குறைந்தது ஐந்து குடும்பத்தார் கையெழுத்தோடு கேளுங்கள் என்கிறேன்.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. வெள்ளத்தாலும் தொழிற்சாலை விபத்தாலும் பாதிக்கப்பட்டவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். 2004-இன் ஆழிப்பேரலை, 2011-இன் தானே புயல், 2015-இன் வெள்ளம், 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரை மீறிய வெள்ளம் என்று வாழும் நம் மாவட்டத்தில், அந்த ஒரு வரி எத்தனை வீடுகளுக்குப் பொருந்தும் என்று எண்ணிப் பாருங்கள். கேட்டு வருபவர்கள் மிகச் சிலரே என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

பாகூரில் உள்ள உங்கள் தங்கைக்கு, காவல் நிலையம் பற்றி எழுதியது எல்லாம் அப்படியே பொருந்தும். அதே சட்டம், அதே சென்னை உயர் நீதிமன்றம். ஊராட்சி பற்றி எழுதியது பொருந்தாது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 2006-இல், 38 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011-இல் முடிந்த பின் நெடுங்காலம் தேர்தல் இல்லாமல், பல கிராமங்களை உள்ளடக்கிய கொம்யூன் பஞ்சாயத்துகள் ஆணையர்களின் கையிலேயே இருந்து வந்திருக்கின்றன. எனவே அவர் எழுத வேண்டியது பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்கு. தகவல் உரிமையில் இரண்டாம் மேல்முறையீடு சென்னைக்குப் போகாது. ஒன்றியப் பகுதி என்பதால் புதுடெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டும். இந்த முகவரி தவறிப் பல மனுக்கள் வீணாவதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் இந்த வாரமே தகவல் மனுவை அனுப்பினாலும் நவம்பர் 1 கிராம சபைக்குள் பதில் வந்து சேராது. அந்தக் கூட்டத்துக்கு அஞ்சல் ஒப்புகையை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். அக்டோபர் 2 கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தைப் படித்துக் காட்டும்படி கேட்டு, உங்கள் கேள்வி அதில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகவில்லை என்றால் அதைப் பதியச் சொல்லும் மனுவை அங்கேயே கொடுங்கள். ஜனவரி 26-க்குள் ஒன்று பதில் உங்கள் கையில் இருக்கும், அல்லது முதல் மேல்முறையீட்டின் நகல் இருக்கும். அதற்கிடையில் நிலையத்திலிருந்து எழுத்தில் ஏதாவது வந்தால், பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு வாசகத்தை மட்டும் இங்கே எழுதுங்கள். படித்துப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.